முருங்கை ஆப்பு

குரங்குகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, ஃபாரஸ்ட் கார்டு ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து செஞ்சி ராஜகிரி மலையடியில் குடியிருப்பவன் குரங்கோடு கோபித்துக்கொண்டு எங்கே போவது? கோட்டையிலிருந்து இறங்கி வரும், ஓட்டைப் பிரிக்கும், காயப்போட்ட வற்றலை அள்ளும், திரும்பிப் போகும். அந்தக் கோட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்த ராஜாக்களைவிட நாகரிகமாகத்தான் நடந்துகொள்கின்றன.

உட்காருங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் நீட்டிய தாளைப் படித்தேன். ‘என் தம்பி குருவின் வலது கை விரல்கள் துண்டாகக் காரணமான குரங்கைப் பிடித்து அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே முருகையன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் நாற்பது பேர் சாட்சியாக ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். என் தம்பிக்கு விரல் போனபோது உச்சுக் கொட்டியதோடு சரி. போன வாரம் பூவாயி வீட்டு செல்போனைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதும்தான் எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. நாற்பது பேரில் ஒருவர்கூட அன்றைக்கு என் பட்டறையில் இல்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் போட்டிருக்கிறார்கள்.

வாசலில் உங்கள் கூண்டுக்குள் காது கிழிந்த கடுவன் குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காலையில் அதற்கு வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் இந்த வயது வரை பொய்யான தாளில் கையெழுத்துப் போட்டதில்லை ஐயா. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேனா எழுதுகிறதா பாருங்கள்.

எங்கள் பட்டறை பத்துக்குப் பதினாலு. பாதியை மரம் பிடித்துக்கொள்ளும். மீதியில் அண்ணன் தம்பி இருவரும் ஒரு டேபிள் ரம்பமும். சின்ன மெஷின்தான். கால்களை மடக்கி ஆட்டோவில் ஏற்றி, வேலை நடக்கும் வீட்டுக்கே கொண்டுபோகலாம். நடுவில் வட்ட பிளேடு தலைநீட்டி நிற்கும். அதற்கு ஒரு மூடி உண்டு. உங்களைப் போல அதற்கும் கார்டு என்றுதான் பெயர். மெஷின் வாங்கிய அன்றே கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டோம். எல்லாப் பட்டறையிலும் அது சுவரில்தான் இருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைப்போம், மரியாதையில் குறை வைத்ததில்லை.

நீளப் பலகை அறுக்க இரண்டு ஆள் வேண்டும். முன்னால் நின்று ஒருவன் தள்ளுவான். பின்னால் நின்று ஒருவன் வாங்குவான். வாங்க ஆள் இல்லாவிட்டால் அறுத்துப் போன பலகை தன் கனத்திலேயே சாய்ந்து, பிளேடில் சிக்கித் துள்ளும். பதினாறு வருஷமாக நான் தள்ளினேன், குரு வாங்கினான். ‘வாங்கு’ என்றுகூட நான் சொல்ல வேண்டியதில்லை. நான் மூச்சை இழுத்தால் அவன் கை நீளும்.

நைனா சாகும்போது குருவுக்குப் பதினொரு வயது. வளர்த்தவன் நான். அவனுக்காக நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. அவனிடம் மட்டும்தான், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவைதான்.

அவனுக்கு நானே பெண் பார்த்துக் கட்டிவைத்தேன். அன்புக்கரசி நல்ல பெண். குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அது ஒன்றுதான் குறை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் குரு வந்து நின்றான், தனியாகப் பட்டறை போடப் போகிறானாம். எங்கே என்று கேட்டேன். திண்டிவனம். துபாய் என்றிருந்தால் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். திண்டிவனம் என்பது பஸ் ஏறி ஒரு சின்னத் தூக்கம் போட்டால் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடும் ஊர். அவ்வளவு பக்கத்தில் இருக்கப் போகிறவன் அண்ணனை விட்டுப் போவானேன்?

“திண்டிவனம் இன்னாண்ணா, அமெரிக்காவா? அமாவாசைக்கு அமாவாசை லீவுதானே. வந்துடுவேன்” என்றான்.

உங்களுக்கே தெரியும், எங்கள் தொழிலில் அமாவாசையன்று ஆயுதத்தைத் தொடமாட்டோம். ஆகவே மாதத்துக்கு ஒரு நாள் தம்பி எனக்குக் கிடைப்பான். ரேஷனில் சர்க்கரை போடுவது போல.

போவதற்கு முன் எனக்காக ஒன்று செய்து வைத்தான். அதோ பாருங்கள், மெஷினின் பின்பக்கம் தொங்குகிறதே, அதுதான். மெஷின் உயரத்துக்கே ஒரு பிளைவுட் பலகை, மேலே மரம் வழுக்கிப் போக மைக்கா, நீளக் கீல் போட்டுப் பின்னால் மாட்டியிருக்கிறான். தூக்கி நிறுத்தினால் அடியில் ஒரு கால் இறங்கும். அறுத்து வரும் பலகை அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். வேலை முடிந்தால் மடக்கிவிடலாம், மூன்று விரற்கடை இடம்தான் பிடிக்கும். இந்தப் பட்டறையில் மூன்று விரற்கடை என்பது பெரிய விஷயம். இரண்டு வாரம் இழைத்து இழைத்துச் செய்தான். நல்ல வேலை. என் கையில் தொழில் பழகியவன் அல்லவா?

கால் மடங்கிவிடாமல் இருக்க ஓர் ஆப்பு. தாழ்ப்பாள் போடேன்டா என்றேன்.

“மெஷின் ஆட்டத்துல தாப்பா லூஸ் ஆயிடும்ணா. ஆப்புன்னா ஆட ஆட இறுகும்” என்று சொல்லி, கருவேல மரத்தில் ஒன்று சீவி நூலில் கட்டித் தொங்கவிட்டான். பிறகு பலகையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தான். “இனிமே உனக்கு ஆளே வேணாம்ணா. நான் இல்லன்னாலும் இது வாங்கும்.”

அந்த ஒரு வார்த்தைதான் ஐயா. பதினாறு வருஷம் நின்ற இடத்தில் ஒரு பலகையைக் கீல் போட்டு மாட்டிவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று ஒருவன் சிரிக்கலாமா? நானும் சிரித்துக்கொண்டே நல்லா இருக்குதுடா என்றேன். ஆப்பு வைப்பது என்றால் ஊரில் இப்போது வேறு அர்த்தம். அந்த அர்த்தத்தில் பார்த்தால் வைத்தவன் அவன். நான் வைக்கவில்லை, மாற்றினேன்.

மாற்றியது அமாவாசையன்று. புருஷனும் பெண்டாட்டியும் புதுப் பட்டறைக்கு வேண்டிக்கொள்ள ஸ்பெஷல் பஸ் ஏறி மேல்மலையனூர் போய்விட்டார்கள். பட்டறை பூட்டியிருந்தது. கொல்லையில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த முருங்கைக் கிளை காய்ந்து கிடந்தது. முருங்கை பருத்தால் தூணாகாது என்பார்கள். ஆப்பாகவும் ஆகாது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. உளியையோ இழைப்புளியையோ நான் தொடவில்லை, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று தொடக்கூடாது. கத்திரிக்காய் நறுக்கும் கத்தியாலேயே சீவினேன். முருங்கைக்கு அது போதும். டீத்தூளைக் காய்ச்சி நிறம் ஏற்றி, மேலே லேசாக பாலிஷ் தடவி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கருவேல ஆப்பைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். சாமி குத்தம் வரும்படி எதுவும் செய்யவில்லை.

பிளேடு பக்கத்தில் கை போகாமல் பலகையைத் தள்ள ஒரு குச்சி வைத்திருப்போம். அதையும் எடுத்துப் பரண் மேல் போட்டேன். அதுவும் ஆயுதம் இல்லை, குச்சிதான்.

பயமுறுத்தத்தான் செய்தேன் என்று சொல்லலாம். நான்தான் பொய் சொல்லமாட்டேனே. விரல் போன தச்சன் தனிப் பட்டறை போட முடியாது. விரல் போன தம்பிக்கு அண்ணன் வேண்டும். இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் குரு அந்த மடக்குப் பலகையைத் தூக்கி நிறுத்தி, ஆப்பைச் செருகி, தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றான். இரண்டு சின்னத் துண்டு ஓட்டினான். தாங்கியது. எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

“எட்டடி வேப்பம்பலகை ஒண்ணு போடுடா, பாப்போம்” என்றேன்.

“தள்ளுற குச்சி எங்கண்ணா?”

“இங்கதான்டா கெடந்துச்சி. ஒரு பலகைக்கு இன்னாத்துக்கு குச்சி?”

அதுவும் சரிதான் என்று தள்ள ஆரம்பித்தான். நான் பின்பக்கம், அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆப்பு முனகியது எனக்குக் கேட்டது. கை நீட்டி வாங்கியிருக்கலாம். ஆனால் ஆள் வேண்டாம் என்று சொன்னவன் அவன்தானே?

ஆப்பு முறிந்தது. கால் மடங்கியது. பலகை துள்ளியது. அழுத்திய வேகத்தில் அவன் கை முன்னால் போனது. நான் நினைத்திருந்தது இரண்டு விரல். போனது நாலு. மரம் அறுக்கும்போது பிளேடு தின்னும் கனத்துக்கென்று கொஞ்சம் தள்ளிக் கோடு போட வேண்டும். புதிதாகப் பழகுகிறவன் செய்யும் தப்பு, நான் செய்திருக்கக்கூடாது.

மெஷினை நிறுத்தித் துண்டைச் சுற்றிக் கட்டினேன். குரு தரையில் முறிந்து கிடந்த ஆப்பைப் பார்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. இடது கையால் ஒரு பாதியை எடுத்து மோந்து பார்த்தான். மோந்தே மரத்தின் பெயர் சொல்ல அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு அன்புக்கரசி ஓடிவந்து, “ஐயோ, இன்னா ஆச்சி?” என்று அலறினாள்.

“கொரங்கு” என்றான் குரு. “கொரங்கு வந்து ஆப்பப் புடுங்கிடுச்சி.”

வலியில் உளறுகிறான் என்று நினைத்தேன். ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. ஆப்பைப் பிடுங்கின குரங்கு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். பழமொழியே நேரில் வந்து நிற்கும்போது யாராவது சாட்சி கேட்பார்களா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எழுபது நாள் அவனுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். அன்புக்கரசி தட்டை எடுத்தால், நீ போய் வேலையைப் பாரும்மா என்பேன். பதினொரு வயதில் ஊட்டியது போலவே பிசைந்து ஊட்டினேன். அவன் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறப்பான். என் வாழ்க்கையில் அந்த எழுபது நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை, ஐயா.

எழுபத்தோராம் நாள் காலை, பையோடு வாசலில் நின்றான். மச்சான் பெரியதம்பியோடு சேர்ந்து திண்டிவனத்தில் ஹார்டுவேர் கடை போடுகிறானாம். கீல், ஆணி, ஸ்குரூ விற்க விரல் எதற்கு? இது எனக்குத் தோன்றவே இல்லை. பையில் இருந்த பாதி ஆப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

“அடுப்புல போட்டுடுண்ணா. கொரங்குன்னு நான் சொல்லிட்டேன். நீயும் அப்டியே சொல்லு.”

வெள்ளந்தி. என் மேல் துளி சந்தேகம் இல்லை அவனுக்கு. இருந்தால் கேட்டிருப்பானே?

மூன்று அமாவாசை போய்விட்டது, வரவில்லை. போன் செய்தால் அன்புக்கரசிதான் எடுக்கிறாள். “தூங்குறாரு மாமா” என்கிறாள், பகல் பதினொரு மணிக்கு. அந்த மடக்குப் பலகை மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. கருவேல ஆப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன். நான் தள்ளுகிறேன், அது வாங்குகிறது. உண்மையிலேயே ஆள் தேவைப்படவில்லை.

இந்தாருங்கள், அவன் கொடுத்த பாதி. எரிக்கவில்லை, முருங்கை அடுப்புக்குக்கூட ஆகாது. அந்தத் தாளில் குரங்கு என்ற இடத்தை அடித்துவிட்டு, ஆப்பை மாற்றியவன் அண்ணன் முருகையன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இது உங்கள் இலாகா இல்லை என்றால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கூண்டை முதலில் திறந்துவிடுங்கள். வாயில்லா ஜீவன் மேல் பழி விழுவது பொறுக்காமல்தான் இதையெல்லாம் சொல்கிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். கேஸ் என்று வந்தால் முதல் சாட்சி குருதானே? இங்கே செஞ்சி கோர்ட்டுக்குத்தானே வர வேண்டும்? அமாவாசை மாதத்துக்கு ஒன்றுதான். வாய்தா அடிக்கடி வரும் என்கிறார்கள், அதற்கு அவன் வராமல் இருக்க முடியாதாமே.