முந்திக்கொண்ட தவளை

அமீரகத்து ராஸ் அல் கைமாவில், கல்குவாரி டியூட்டி முடிந்து கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார்: "எனக்கு முந்தி என் தவளை லீவுல போயிருச்சு."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் திரும்பினார்.

"மலை ஓடையில புடிச்சிட்டு வந்து பெயிண்ட் வாளியில வளத்தீங்களே, அதையாண்ணே சொல்றீங்க?"

"அதேதான். ஒரு வருசமா ரூம்ல ஒரு கரப்பான் தங்கலை, எல்லாத்தையும் தின்னு தீர்த்துச்சு. நாளன்னைக்கு நான் ஊருக்குப் போயிட்டா அதை யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்க மாட்டேனா?"

"உன் துணியவே நீ துவைக்க மாட்டே."

"சரி, எங்க விட்டீங்க?"

"புடிச்ச எடத்துலயேதான். வெள்ளிக்கிழமை வாளியத் தூக்கிக்கிட்டு டாக்சில போனேன். 'உள்ள என்ன, பாய்?'னு பாகிஸ்தான்காரப் பட்டான் டிரைவர் கேட்டான். என் ரூம்ல கூட இருக்கிற ஆளுன்னேன். மூடியத் தொறந்து பாத்துட்டு அவனும் ஓடை வரைக்கும் கூடவே வந்துட்டான்."

"போக மாட்டேன்னு நின்னுச்சா?"

"நீ வேற. வாளியச் சாச்சதும் ஒரே தாவு, தண்ணிக்குள்ள போயிருச்சு. ஒரு வருசம் வச்சுப் பாத்தவன் நிக்கிறானேன்னு திரும்பிக்கூடப் பாக்கலை."

"சங்கடமா இருந்துச்சாண்ணே?"

அவர் சட்டைப் பையிலிருந்த விமான டிக்கெட்டை வெளியே எடுத்து, மறுபடி ஒருமுறை தேதியைப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்கு? நாளன்னைக்கு ஏர்போர்ட்ல நம்ம போர்மேன் வந்து கைகாட்டுனா, நான் மட்டும் திரும்பிப் பாக்கப் போறனா?"