மருமக கொண்டு வந்த கரப்பான்

ஐயோ, அந்தக் குழாயைக் கீழ வைங்க தம்பி முதல்ல. குளியலறையில அடிங்க, மாடிப்படிக்கு அடியில அடிங்க, ஏன், என் தலையிலகூட அடிங்க. அந்த உள் ரூம்ல மட்டும் வேணாம்.

தெரியுது, தெரியுது. என் பையன் போன் பண்ணித்தான் வந்திருக்கீங்க. உள் ரூம் பூரா கரப்பான், ஒண்ணு விடாம கொன்னுடுங்கன்னு சொல்லியிருப்பான். அவன் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. கரப்பான் இருக்கு. எக்கச்சக்கமா இருக்கு. ஆனா அது தானா வந்து குடியேறின கரப்பான் இல்ல தம்பி. நான் வளர்க்கிற கரப்பான்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? எனக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க, சொல்றேன். அந்தத் துணியை ஒதுக்கிட்டு உக்காருங்க, பார்த்து, ஊசி இருக்கும். தையல்காரி வீட்டு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டு உக்காரக் கூடாது. டீ போடட்டுமா? வேணாமா? சரி, தண்ணியாவது குடிங்க. அட, நல்ல தண்ணிதான், அதுல ஒண்ணும் விழுந்திருக்காது. பூச்சிமருந்து அடிக்கறவரே இப்படி முகம் சுளிச்சா எப்படி?

எல்லாம் என் மருமக கொண்டு வந்த கூத்து. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வர்றா, ஒரு கையில துணிப்பெட்டி, இன்னொரு கையில கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள்ள ஓணான். தாடி வச்ச ஓணான்! முழங்கை நீளம் இருக்கும். பொண்ணு என்ன படிச்சிருக்கு, எங்க வேலை பார்க்குதுன்னு எல்லாத்தையும் சொன்ன என் பையன், கூட ஒரு ஓணானும் வரும்னு ஒரு வார்த்தை சொன்னானா? சரி போகுது, வாயில்லா ஜீவன்னு விட்டேன். பின்னாடியே வண்டியில இருந்து மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு இறங்குது. துணிமணியா இருக்கும், மடிச்சு அலமாரியில அடுக்கி வச்சு முதல் நாளே நல்ல பேர் வாங்கிடுவோம்னு நானே திறந்துட்டேன்.

அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்துல மாடிவீட்டுக்காரர் பாதி முகத்துல சவர நுரையோட ஓடி வந்துட்டார். நான் எங்க இருந்தேன்னு நினைக்கறீங்க? இதோ, இந்தத் துணி வெட்டற மேசை மேல. இந்த முட்டிவலியை வச்சுக்கிட்டு எப்படி ஏறினேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இறக்கறதுக்கு ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.

அவ நிதானமா வந்து மூடியை மூடறா. பயப்படாதீங்க அத்தை, இது ஓணானோட சாப்பாடுங்கறா. இது நம்ம வீட்டுக் கரப்பான் மாதிரி இல்லையாம். வழவழன்னு இருக்கற பிளாஸ்டிக்ல அதுக்குக் கால் பிடிக்காதாம், வெளிய வராதாம், சாக்கடைப் பக்கமே போனதில்லையாம். ஆமாமா, ரொம்ப நல்ல குடும்பத்துக் கரப்பான், நம்ம வீட்டுக்கு வாழ வந்திருக்குன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கல. எனக்கு எரிச்சல் தாங்கல.

அப்புறம் தினம் தினம் சண்டைதான். என் கேரட் சீவற கட்டையை எடுத்து அதுங்களுக்குச் சீவிப் போடுவா. முட்டை வாங்கற அட்டைத் தட்டு இருக்குல்ல, அதை அடுக்கி வச்சாத்தான் அதுங்களுக்குக் குடியிருக்க இடம். கடைக்காரர்கிட்ட போய், முட்டை வேணாம், தட்டு மட்டும் குடுங்கன்னு நிப்பா. கூட நிக்கற எனக்கு மானம் போகும். அந்த ஓணான் இருக்கே, அது இன்னொரு பக்கம். மிஷின் மேல ஏறி உக்காந்துக்கிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டும். நிஜமாத்தான் தம்பி, முன்னங்காலைத் தூக்கி மெதுவா ஆட்டும். எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுதாம், அவதான் சொன்னா. அட, எனக்கும் பயமாத்தான் இருக்கு, நீ கொஞ்சம் இறங்கறியான்னு நான் கேப்பேன்.

அப்புறம் ஒரு தடவை அவளை ஆபீஸ்ல வெளியூருக்கு அனுப்பிட்டாங்க. என் பையன் பூச்சியைத் தொட மாட்டான். வேற யார் இருக்கா? நான்தான். மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு, இடுக்கியை நீட்டமா பிடிச்சுக்கிட்டுப் போனேன். ஒரு நாள் மூடியைத் திறக்கறேன், நடுவுல ஒண்ணு பால் மாதிரி வெள்ளையா நிக்குது. போச்சு, சீக்கு வந்துடுச்சு, நம்பிக் குடுத்துட்டுப் போனதைக் கொன்னுட்டோம்னு போனைத் தேடி ஓடறேன். கூப்பிட்டு, அடியே, ஒண்ணுக்கு ரத்தமே சுண்டிப்போச்சுடின்னு அழறேன். அவ மீட்டிங்ல இருந்தாளாம், நான் கத்தினது சுத்தி இருந்தவங்க எல்லாருக்கும் கேட்டுச்சாம். தோல் உரிச்சிருக்கு அத்தை, பழைய சட்டையைக் கழட்டிப் போட்டிருக்கு, சாயங்காலத்துக்குள்ள நிறம் வந்துடும்னா. நான் நம்பல. பக்கத்துல மிஷினைப் போட்டு, தச்சுக்கிட்டே பார்த்தேன். கொஞ்சங்கொஞ்சமா நிறம் ஏறுது தம்பி! அதைப் பார்த்துக்கிட்டு இருந்ததுல ஒரு சட்டைக்கு ரெண்டும் இடது கையா வச்சுத் தச்சுட்டேன்.

அன்னையில இருந்து எங்க ரெண்டு பேருக்கும் அதே பேச்சுதான். வேலை முடிஞ்சு வந்தா நேரா என்கிட்ட வருவா, இன்னைக்கு என்ன அத்தைன்னு கேப்பா. அவ புதுசா பொறந்த கரப்பான் குட்டிங்களைக் காட்டுவா, நான் வெட்டின துணியைக் காட்டுவேன். எனக்குப் பொண்ணு கிடையாது. பொண்ணு இருந்தா வீடு எப்படி இருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் என்ன... அவனுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகல. யார் மேல தப்புன்னு ஒரு தாய்கிட்ட கேக்கக் கூடாது. என் பையன் மேலதான். கெட்டவன் இல்ல, கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். ஆனா கோவம் வந்தா வாயைப் பூட்டிக்குவான். அவன் அப்பாவும் அப்படித்தான். எனக்கு மிஷின் சத்தம் இருந்துச்சு, நான் ஓட்டிட்டேன். அவ எதுக்கு ஓட்டணும்? சுவரோட எத்தனை நாள் குடும்பம் நடத்துவா? ஓணானைத் தூக்கிக்கிட்டுத் தனியா ஒரு ரூம் எடுத்துப் போயிட்டா. அந்த வீட்டுக்காரர் ஓணானுக்குச் சரின்னாராம், கரப்பானுக்கு மட்டும் கண்டிப்பா முடியாதுன்னுட்டாராம். அதனால டப்பா இங்கயே நின்னுடுச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை, என் பையன் டூட்டியில இருக்கற நேரமா பார்த்து வருவா. ஒரு வாரத்துக்கு வேண்டிய கரப்பானைச் சின்ன டப்பாவுல வாங்கிப் பையில மறைச்சுக்குவா, ஒரு டீ குடிப்பா, போயிடுவா.

அது அவனுக்குப் பொறுக்கல. அவ சம்பந்தப்பட்டது எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாதாம், ஒரு பூச்சிகூட. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கான். இப்ப புரியுதா? உங்க மருந்து லேசா பட்டாக்கூட எல்லாம் போச்சு. பட்டது சாகாம கிடந்து, அதை ஓணான் தின்னா அதுவும் போச்சு. அப்புறம் அவ இந்தப் படி ஏறுவாளா? நாளைக்குச் சனிக்கிழமை தம்பி.

வேணாம், வேணாம், அவனுக்குப் போன் பண்ணாதீங்க. கேட்டா, அம்மா கதவுக்குக் குறுக்க நின்னுட்டாங்க, தாண்டிப் போக முடியலன்னு சொல்லுங்க. என்னைப் பார்த்தா நம்புவாங்க, உடம்பு அப்படி.

கடையில வாங்கிக்கலாமேவா? கடையில இருக்கறதையெல்லாம் பட்டினி போட்டு வத்தலாக்கி வச்சிருப்பாங்க, அதைத் தின்னு ஓணானுக்கு என்ன ஒட்டும்? சரி, டப்பாவையே அவகிட்ட குடுத்துடலாமேங்கறீங்க. அதான் அந்த வீட்டுக்காரர் சேர்க்க மாட்டேங்கறாரே. கொஞ்சமா கொண்டு போய்ப் பெருக்கிக்கலாமேவா? ஏன் தம்பி, நீங்க மருந்தடிக்க வந்தீங்களா, வக்கீலா வந்தீங்களா?

சரி, கேட்டுட்டீங்க. சொல்லிடறேன், உங்களோட இருக்கட்டும். நீங்க கேட்டதை அவளே கேட்டா. கட்டிலுக்கு அடியில, வீட்டுக்காரர் கண்ணுல படாம ஒரு டப்பா வச்சு நானே பெருக்கிக்கறேன் அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம், ஆணும் பெண்ணுமா வளர்ந்ததா பார்த்துப் போட்டுக் குடுங்கன்னா. சரின்னு தலையை ஆட்டிட்டேன். அங்க பெருகிட்டா இங்க எதுக்கு வருவா? மாமியார் முகத்தைப் பார்க்கவா? பிரிஞ்சு போன எந்த மருமக அப்படி வந்திருக்கா, நீங்களே சொல்லுங்க.

அதனால நான் ஆணா பொறுக்கிப் போட்டுட்டேன். வளர்ந்ததுல ஆணுக்கு உடம்பை மூடற மாதிரி நீளமா இறக்கை இருக்கும். பெண்ணுக்குத் தோள்கிட்ட சின்னதா ரெண்டு துணுக்கு, அவ்வளவுதான். கண்ணாடி போடாமலே எனக்குத் தெரியும். இறக்கை உள்ளதா பார்த்து இடுக்கியால எடுத்து எடுத்துப் போட்டேன். மறந்துகூட ஒரு பெண்ணைப் போடல. அந்த வாரம் மட்டும் இல்ல, ஒவ்வொரு வாரமும் அதேதான். ஆணை மட்டும் வச்சுக்கிட்டு எங்க இருந்து பெருக்குவா? தீர்ந்ததும் வந்துதானே ஆகணும்?

சிரிங்க, சிரிங்க. நானும் ஒரு மாசமா சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், படிச்ச பொண்ணையே ஏமாத்திட்டோம்னு. என்னது? அவங்களுக்குத் தெரியாதாவா? அடப் போங்க தம்பி, எது ஆண் எது பெண்ணுன்னு எனக்குக் கத்துக் குடுத்ததே அவதானே. போன சனிக்கிழமை நான் போட்டுக் குடுத்த சின்ன டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, ஒவ்வொண்ணா, நல்லா நிதானமா பார்த்தா. நான் ஊசியில நூல் கோக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். மூடியைப் போட்டு அழுத்தினா. என்னமோ தெரியல அத்தை, ஒண்ணுகூடக் குட்டி போட மாட்டேங்குது, அடுத்த வாரமும் இங்கதான் வரணும் போலன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.