வாங்கோ

எங்கள் நாய்க்கு ஜெர்மன் தெரியாது. தமிழ் தெரியும், ஆனால் என் தமிழ் தெரியாது.

என் மனைவி தேனுஜா பீலெஃபெல்டில் வளர்ந்த யாழ்ப்பாணப் பெண். நான் திருச்சியிலிருந்து ஆஹெனுக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த அன்று அதன் நிறத்தைப் பார்த்து அவள் 'பாண்' என்று பெயர் வைத்தாள். ரொட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கீழ்வீட்டு ஜெர்மன்காரருக்கு அது ரயிலைக் குறிக்கும் 'பான்' என்ற ஜெர்மன் சொல்லாகக் கேட்கும். எங்கள் ரயில் மாதிரி இதுவும் கூப்பிட்டால் தாமதமாகத்தானே வரும் என்று சிரிப்பார்.

பிள்ளை மரியாதை பழக வேண்டும் என்று எங்கள் மகள் நிருஷாவிடம் தேனுஜா 'வாங்கோ, இருங்கோ' என்றுதான் பேசுவாள். அதே வாயால் நாயிடமும் பேசினாள். 'வா' என்று நான் சொன்னால் பாண் என்னைப் பார்க்கும். அசையாது.

"ஒருக்கா வாங்கோ எண்டு சொல்லிப் பாருங்கோவன். வாய் சுளுக்காது."

"நாய்க்கெல்லாம் மரியாதை தர முடியாது."

"அப்ப உங்களுக்கும் இனி டேய்தான்."

ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட நான் சொல்லவில்லை. பிடிவாதம் இல்லை. எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் தேனுஜா புற்றுநோயில் இறந்தாள். முப்பத்திரண்டு வயது. அதன் பிறகு நிருஷா என்னிடம் தமிழில் பேசவில்லை. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் இரண்டு சொல் வரும். அவளுக்கு எட்டு வயது. பொறுத்திருங்கள் என்றார் பள்ளி ஆலோசகர். பொறுத்திருந்தேன்.

ஆனால் பாணிடம் பேசினாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. "சாப்பிட்டீங்களோ? கால் நோகுதோ? கொஞ்சம் பொறுங்கோ, அம்மா வாறன்." சொற்கள் மட்டுமல்ல, இழுவையும் தேனுஜாவினுடையது. சலவைக் கூடையுடன் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். ஒரு நாள் உள்ளே போனேன். நிறுத்திவிட்டாள். நான் வெளியே வந்த பின் மறுபடி தொடங்கினாள்.

வீட்டில் மிஞ்சியிருந்த பேச்சு முழுவதும் அந்த நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் அவள் என்னிடம் பேசித்தான் ஆக வேண்டும். இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். கொடுத்தால் திரும்பி வரும் என்று காத்திருப்பாள். குழந்தையை அப்படிக் காக்கவைப்பது சரியில்லை.

சாலை கடக்க நிருஷா அதற்குப் பழக்கியிருந்தாள். நடைபாதை ஓரத்தில் உட்காரும். 'வாங்கோ' என்றால்தான் இறங்கும்.

இந்த ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, அவள் பள்ளிக்குப் போன பிறகு, பேருந்து சரிவில் இறங்கி வரும் இடத்தில் பாணின் கழுத்துவாரைக் கழற்றினேன். நான் மட்டும் எதிர்ப்பக்கம் போனேன். பாண் ஓரத்தில் உட்கார்ந்தது. பேருந்து அன்று நான்கு நிமிடம் தாமதம். காத்திருந்தோம், நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். மெல்லிய தூறல். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேருந்து நெருங்கியதும் சொன்னேன்.

"பாண், வாங்கோ."

முதல் முறையே சரியாக வந்தது. பாண் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அவ்வளவு ஆசையாக அது என்னிடம் வந்ததே இல்லை.

ஓட்டுநர் பேருந்தின் படியில் உட்கார்ந்து அழுதார். வாரிலிருந்து நழுவி ஓடிவிட்டது என்றேன். அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை தேனுஜாவின் தம்பி மதீசனின் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தோம். பீலெஃபெல்ட் வரை நிருஷா அதன் தட்டை மடியில் வைத்திருந்தாள். அக்கா இறந்தபோது அழாத மதீசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அழுதான்.

"உங்களில பிழையில்லை அத்தான். பாவம், அக்காவைத் தேடி ஓடியிருக்கும்."

நிருஷா அழவில்லை. குழியை மூடிய பின் என்னிடம் வந்தாள்.

"பாண் சும்மா ரோட்டில இறங்கமாட்டார். வா எண்டாலும் வரமாட்டார். நீங்கள் என்ன சொன்னனீங்கள் அப்பா?"

பதினான்கு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய தமிழ். நான் கணக்குப் போட்டது சரிதான் என்று அப்போது தோன்றியது. மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அதன் பிறகு மூன்று மாதமாக அவள் என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. நான் அவசரப்படுத்துவதில்லை. தினமும் சோறு போட்டுவிட்டு, அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "நிருஷா, வாங்கோ" என்று கூப்பிடுகிறேன். அந்தச் சொல் இப்போது எனக்கு நன்றாக வருகிறது.

அவளும் வருவாள்.