பூரணியின் இரண்டு பை ரத்தம்

— எந்திரி பூரணி, சேலைய மாத்து. நம்ம நோர்வூட் தோட்டத்துக்கே போயிருவோம். இந்த ஆப்ரேசன் வேணாம்.

— என்னங்க இது? இப்ப வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துருவாங்க. பக்கத்துக் கட்டில் அம்மா பாக்குது, உக்காருங்க.

— பாக்கட்டும். ஒம் மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு. ஈரல்ல கட்டின்னு வந்தவகிட்டயே ரெண்டு தரம் ரத்தத்த உறிஞ்சிட்டானுக.

— எடுத்தது எனக்குத்தானே? ஐஸ்பெட்டியில வச்சிருக்காங்க. ஈரல வெட்டுறப்ப ரத்தம் கொட்டுமாம், அப்ப அதையே எனக்கு ஏத்துவாங்க. மலையில அட்டை குடிக்குதே, அது திருப்பியா தருது?

— சிரிக்காத புள்ள. பை மாறிப்போச்சுன்னா?

— எம்பேர எழுதி ஒட்டுற வரைக்கும் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்.

— பத்தலேன்னா?

— அந்தப் போர்வைய இழுத்து விடுங்க, குளிருது.

— பேச்ச மாத்தாத. ரெண்டு பையும் பத்தலேன்னா?

— வேற ஆளுங்க குடுத்தது இருக்காம்.

— வேற ஆளு! கட்டுன புருசன் கல்லாட்டம் நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புன்னு நர்சம்மா சொன்னிச்சா இல்லையா? எங்கிட்டயும் எடுத்துப் பாத்தாங்க. அப்பறம் பெரிய டாக்டர் ஒன்னையத் தனியாக் கூப்புட்டுப் பேசுனாரு. நீ வெளிய வந்து, 'ஒங்களது வேணாம்'ன்ன.

— எனக்கு என்னோடதே போதும்னு தோணிச்சு.

— ஏன்? எனக்குள்ள கசிப்புச் சாராயம் ஓடுதுன்னா? அதத் தொட்டு வருசமாச்சு. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல கேக்கிறானுக, 'என்னா செல்லசாமி, பொண்டாட்டிக்கு ஒன் ரத்தம் ஆகாதாமே'ன்னு. தலையத் தூக்க முடியல.

— கேட்டுட்டுப் போறானுக.

— நான் போறேன். ரத்தம் எடுக்கிற ரூமுக்கே போயி கைய நீட்டுறேன். எவன் வேணாங்கிறான்னு பாப்போம்.

— போகாதீங்க.

— கைய விடு.

— ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன், அங்க போயி எதுவும் கேக்காதீங்க.

— நீ அந்த மேசையிலேயே போயிட்டா, அப்பறம் நான் என்னா ஆவேன்? அத நெனச்சுப் பாத்தியா?

— அத மட்டுந்தாங்க நெனைக்கிறேன். ஒங்க ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்காம், ஒங்க ஈரலத் தின்னுக்கிட்டே இருக்காம்… நான் பொழச்சு வந்து பக்கத்துல ஒக்காந்து சொல்றேன், அதுவரைக்கும் சொல்லிறாதீங்கன்னு டாக்டர்கிட்டக் கெஞ்சி வச்சிருந்தேன்.