சீராகத் தெரிந்த பட்டைகள்

தண்டலம் நிறுத்தத்தில் சட்டை கசங்காமல் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவன் நான் ஒருவன்தான், இன்ஸ்பெக்டர். எதையும் ஒழுங்காகச் செய்து பழகிவிட்டேன். இந்தக் கோதண்டராமன் தலைமையில் எங்கள் மருந்துக் கம்பெனி ஆய்வகம் எப்படி இருந்தது என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தரையில் முகம் பார்க்கலாம். துடைத்தவள் லூர்தம்மாள், பெருமை எனக்கு.

மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை தயாரித்துக்கொண்டிருந்தோம். எலியின் ஈரல் செல்களில் அந்த மருந்தை ஊற்றி, அவை என்ன ஆகின்றன என்று பார்ப்பது சத்யப்பிரியாவின் வேலை. ஆக்டின் என்ற புரதம் செல்லுக்குத் தூணும் உத்திரமும் போல. எல்லாச் செல்லிலும் உண்டு. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வெளிநாட்டிலிருந்து ஐஸில் வைத்து வரவழைத்திருந்தோம். செல்களை அரைத்து, சாற்றை வரிசையாகக் குழிகளில் இட்டு, ஆன்டிபாடியைக் காட்டினால், ஆக்டின் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். செல்கள் நலமென்றால் எல்லாப் பட்டையும் ஒரே கறுப்பு.

மருந்து படாத செல்களின் பட்டை மை போல வந்தது. மருந்தின் அளவு கூடக் கூட வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் காணவே இல்லை.

"சாறு கம்மியா போட்டிருப்பே," என்றேன்.

"இல்ல சார். திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். செல்லே செத்துப்போவுது."

"அப்போ ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கும்."

"கெட்டிருந்தா மொதல் பட்டை மட்டும் எப்படி சார் வரும்?"

நேர்மையான பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அது இருக்கும்.

என் நிலைமையையும் பாருங்கள். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக்குள் மாத்திரை வந்தாக வேண்டும் என்று வல்லம் பக்கம் புதுத் தொழிற்சாலைக்கு வயல் பேசி முடித்துவிட்டார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை. ஒரு வெளுத்த பட்டைக்காக இத்தனை பேர் வயிற்றில் அடிக்கும் கல்நெஞ்சு எனக்குக் கிடையாது. சத்யப்பிரியாவை லீவில் அனுப்பிவிட்டு நானே சாற்றை இட்டேன். எல்லாக் குழியிலும் மருந்து படாத செல்களின் சாறு. பட்டைகள் பல்வரிசை மாதிரி சீராக வந்தன. முதலாளி பட்டைகளின் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

பிறகு பென்னலூரில் முகாம் போட்டு மனிதர்களுக்குக் கொடுத்தோம். லூர்தம்மாளுக்கு முட்டிவலி, முகாமுக்கு நான்தான் அனுப்பிவைத்தேன். வலி நன்றாகவே குறைந்தது. ஒருநாள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு என் மேஜையருகே வந்து நின்றாள்.

"கண்ணு மஞ்சளா கீது சார். சோறு எறங்கல. மாத்திரய நிறுத்திடட்டா?"

"வெயில் சூடுதான். நடுவுல நிறுத்தினா முட்டி பழையபடி ஆயிடும். முழுசா சாப்பிடு."

"நீ சொன்னா சரிதான் சார்," என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கம்பெனி சார்பில் மாலை வைத்தேன்; நல்ல மாலை. பென்னலூரில் இன்னும் சிலர் காமாலையில் போனார்கள். ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று அறிக்கை கொடுத்து, காய்ச்சிக் குடிக்கச் சொன்னவனும் நான்தான். பொதுநலம்.

சத்யப்பிரியா அடக்கத்திலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போய் அதே சோதனையை மறுபடி செய்திருக்கிறாள். மறுபடி வெளுத்த பட்டை. உங்களிடம் வந்துவிட்டாள். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மரியாதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்.

மருந்து ஆளைக் கொல்லும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். ஆராய்ச்சி செய்கிறவன் அப்படி அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. லேசான சந்தேகம், அவ்வளவுதான். என் மனைவி கனகத்துக்கும் முட்டிவலி உண்டு. லூர்தம்மாளுக்குக் கண் மஞ்சளாவதற்கு முன்பே, என்னிடம் சொல்லாமல் முகாமில் ஓர் அட்டை மாத்திரை வாங்கி வந்துவிட்டாள். சாப்பிட்டுக் கைகழுவி ஒன்றை வாயில் போடப் போனவளின் கையைத் தட்டிவிட்டேன்.

"என்னங்க, உங்க கம்பெனி மாத்திரைதானே இது?" என்றாள்.

அட்டையைப் பிடுங்கி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கட்டியவளை ஒருவன் இதைவிட எப்படி அக்கறையாகப் பார்த்துக்கொள்ள முடியும், நீங்களே சொல்லுங்கள்.