திறக்காத பானட்

– அப்போ, பழைய பேட்டரியைக் கொண்டுவந்து குடுத்தாத்தான் புதுசு குடுப்பானாமா அக்கா?

– ஆமா நேரியோ. கடை வாசல்ல பலகையே எழுதி வச்சிருக்கான்.

– நேத்து திருட்டுப் போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?

– சொன்னேன். எனக்கு முன்னாடி நின்ன ஏழு பேரும் அதையேதான் சொன்னாங்களாம்.

– இது என்ன நியாயம் ஓமைரா? நான் ஆஸ்பத்திரிக்குள்ளே டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்திருக்கிறேன். பட்டப்பகலில், வாசலில் நிற்கும் என் காரைத் திறந்து ஒருவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். திருடனை விட்டுவிட்டுக் கடைக்காரர் எனக்குத் தண்டனை கொடுக்கிறாரே! பறிகொடுத்தவன் பழையதற்கு எங்கே போவான்?

– கத்தாதீங்க. மூச்சு வாங்கும்.

– தினம் சாயங்காலம் அதைக் கழட்டி, கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல வைப்பியேக்கா. அப்படிக் காப்பாத்தியும் போச்சே.

– ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கிட்டுப் போக விடல.

– சரி, நாளைக் காலையில ஆறு மணிக்கு அத்தானோட முறை. ஒரு தடவை தவறினா என்ன ஆகும்?

– பக்கத்துக் கட்டில் லுபியோ போன மாசம் ஒரு தடவை தவறவிட்டார். இப்போ அந்தக் கட்டில்ல வேற ஆளு.

– என் மோட்டார்சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போகவா?

– திரும்பி வர்றப்போ அவருக்குக் கழுத்தே நிக்காது. கீழே விழுந்துடுவார்.

– வாடகை வண்டி?

– மரக்காய்போ ஊரு முழுக்கப் பெட்ரோல் வரிசையில நிக்குது. யாரு வருவா?

– தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாமே.

– உனக்கு எத்தனை முறை சொல்வது நேரியோ? அது ஆட்டோமேட்டிக். காராகஸ் வரைக்கும் தள்ளினாலும் கிளம்பாது.

– கோபப்படாதீங்க எபெர்த்தோ அத்தான். இன்னொண்ணு சொல்றேன். பக்கத்து வீட்டு திரினோ வண்டி முற்றத்துல சும்மாத்தானே நிக்குது? சாவி உங்க அலமாரில. நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த பேட்டரியை எடுத்து...

– நேரியோ, காப்பி ஆறுது. குடி.

– குடிக்கட்டும். குடித்துவிட்டு, இப்போது சொன்னதை இந்த வீட்டில் மறுபடி சொல்லாமல் இருக்கட்டும்! முப்பத்தொரு வருடம் துறைமுகக் கிடங்கின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஓர் ஆணி குறைந்ததில்லை. அதை அறிந்துதான் திரினோ சிலிக்குப் போகும்போது என்னை நம்பி வண்டியை விட்டுப் போனான். பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் தூசி தட்டுகிறேன், சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறேன். பானட்டை மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை.

– திறந்தா என்ன, உள்ளே பிசாசா உட்கார்ந்திருக்கு?

– திறக்க எனக்கு உரிமை இல்லை. மாதந்தோறும் அவன் அழைக்கிறான். "நீ விட்டுப்போனபடியே இருக்கிறது திரினோ" என்று நானும் சொல்கிறேன். அது பொய்யாகக் கூடாது.

– நீங்க போய்ச் சேர்ந்துட்டா யாரு சொல்லுவா அத்தான், உங்க ஆவியா?

– சொல்லாமலே போகட்டும்.

– அக்கா, நீயாவது வாயைத் திறயேன். சிமெண்டுல பண்ணி வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கே.

– என்ன சொல்ல.

– பாருங்க அத்தான். நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு வாய் அரேப்பா ரொட்டி உள்ளே போகல. அழவும் இல்ல. இதைப் பார்த்துக்கிட்டே நியாயம் பேசுறீங்களே. அவளைப் பாருங்க.

– பார்க்கிறேன். போன வருடம் இவளை இரண்டு நாள் வரிசையில் நிறுத்தி ஒரு பேட்டரி வாங்க வைத்தேன். அதையும் கோட்டைவிட்டோம். மறுபடி நிறுத்த எனக்கு வாயில்லை. சரி, இரவலாகக் கேட்கிறேன். அவனே சம்மதித்தால் நாளை மட்டும். திரும்பி வந்ததும் இருந்த இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். போனைக் கொடு, நானே பேசுகிறேன்.

– இப்படிச் சொல்லுங்க! இந்தாங்க, மணி அடிக்குது.

– போனை வைங்க.

– ஏன் ஓமைரா?

– கேக்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. வச்சிட்டீங்களா?

– வைத்துவிட்டேன். சொல்.

– போன வருஷம் நம்ம பேட்டரி செத்தப்போ நான் எந்த வரிசையிலயும் நிக்கல. நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்க, மறுநாள் உங்க முறை. திரினோ வண்டியைத் திறந்து அவரோடதை எடுத்து நம்ம வண்டியில மாட்டினேன். நேத்து திருட்டுப் போனது அதுதான்.

– அப்படியானால் இந்த ஒரு வருடமும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது...

– அதுலதான். வாரத்துக்கு மூணு தடவை.

– ஓமைரா!

– திட்டறதை நாளைக்கு மெஷின்ல படுத்துக்கிட்டுத் திட்டுங்க, நாலு மணி நேரம் இருக்கு. நேரியோ, நம்ம செத்த பேட்டரியைத்தான் திரினோ வண்டிக்குள்ள வச்சிருக்கேன். கடைக்காரன் பழசுதானே கேட்டான், கடை மூடுறதுக்குள்ள போய்க் கழட்டு.