நோகாத கால்

"குத்திட்டான்! படுங்கோ! படுங்கோ!"

படுக்கிறோம். முதலில் தூரத்தில் ஷெல் குத்துகிற "டும்". பிறகு சத்தமில்லை. பிறகு கூவிக்கொண்டு வரும். கூவுவது கேட்டால் பிழைத்தோம். அது தலைக்கு மேலால் வேறு யாருக்கோ போகிறது. எங்களுக்கு வருவது கூவாது.

தவக்காலத்து வெள்ளி. காலை. ஒருசந்தி பிடிக்கச் சொல்ல யாரும் தேவையில்லை. சாப்பாடு இருந்தால்தானே விடுவதற்கு.

விடத்தல்தீவில் இருந்து கிளம்பி, ஊர் ஊராக ஓடி, நாட்டின் மற்றப் பக்கத்துக் கடலுக்கு வந்துவிட்டோம். இங்கே சூரியன் கடலுக்குள் இருந்து எழும்புகிறது. எங்கள் ஊரில் கடலுக்குள் போய் விழும். சூரியனும் இடம்பெயர்ந்துவிட்டது என்று சொன்னேன். யெனிற்றா மட்டும் சிரித்தாள்.

இடுப்பளவு குழி. அதுதான் பங்கர். சுற்றிவரச் சேலையில் தைத்த மணல் மூட்டைகள். என் கூறைச்சேலையும் அதில் ஒன்று. கலியாணத்தன்று அதை நான் இவ்வளவு வடிவாக நிரப்பவில்லை. அப்போது நான் ஈர்க்கில் மாதிரி.

குழிக்குள் மூன்று பேர். நான். என் மனுசனின் தங்கை செலின். செலினின் ஒரே மகள் யெனிற்றா. பத்தொன்பது வயது. என் மனுசன் எங்களோடு வரவில்லை. வள்ளத்தையும் நண்டு வலையையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே நின்றுவிட்டார். பிறகு யாரும் அவரைக் காணவில்லை. என்னை விட்டுவிட்டு இருக்க மட்டும் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

வெளியே மூன்று கல். கஞ்சிப் பானை. பொங்கி நெருப்பில் சீறுகிறது.

"அம்மா, கஞ்சி ஊத்துப்படுது."

"எடியே, போகாத! இறங்கு!"

யெனிற்றா ஏறிவிட்டாள். அது கூவவில்லை.

காதுக்குள் ஒரே இரைச்சல். வாய் நிறைய மண். இடது தொடையில் சூடு. முதலில் சூடு மட்டும்தான். பிறகு திருக்கை முள் ஏறினது போல. ஒரு திருக்கை இல்லை, ஒரு கூட்டம். கத்துகிறேன். என் கத்தல் எனக்கே கேட்கவில்லை.

யெனிற்றா அடுப்படியில் கிடந்தாள். எப்படிக் கிடந்தாள் என்று சொல்ல மாட்டேன். மூச்சு இல்லை.

"டும்."

"ஓடுங்கோ! திரும்பக் குத்துறான்! ஓடுங்கோ!"

செலினுக்கு ஒரு கீறல் இல்லை. மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். கத்துகிற ஆளைத்தான் தூக்குவார்கள். என் இரண்டு கமக்கட்டுக்குள்ளும் கைகொடுத்து மணலில் இழுத்தாள். திரும்பிப் பார்க்காமல் இழுத்தாள். பின்னேரம் அந்த இடத்துக்குப் போக வழியில்லை. பிறகு ஒருநாளும் இல்லை.

ஆஸ்பத்திரி என்றது ஒரு தறப்பாள் கொட்டில். மயக்க மருந்து முடிந்திருந்தது. செலின் என் காலைப் பிடித்தாள். டொக்டர் தைத்தார். சின்னப் பெடியன்.

"தம்பி, வலை பொத்துறதெண்டாலும் நாங்கள் இதைவிட வடிவாப் பொத்துவம்."

"சிரிக்க வைக்காதேங்கோ அம்மா, கை நடுங்குது."

ஷெல் துண்டு ஆழத்தில் இருந்தது. எடுக்கவில்லை. தைத்து மூடிவிட்டார். பக்கத்தில் நின்ற தாதி, செலினின் சட்டை முழுக்க இரத்தத்தைக் கண்டு கேட்டாள். "உங்களுக்கு எங்க அக்கா காயம்?" செலின் தன் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கடைசியில் என் தொடையைக் காட்டினாள். "இதிலதான்."

இரண்டு நோவையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கால் நோவுக்கு ஒரு இடம் உண்டு. தொட்டுக் காட்டலாம். கத்தினால் ஆள் வரும். சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் என் காலைப் பார்க்க வந்தவர்கள் பிஸ்கற் கொண்டுவந்தார்கள். செலினுக்கு ஒருவரும் பிஸ்கற் கொண்டுவரவில்லை. அவள் அழவில்லை. கத்தவில்லை. என் காயம் கழுவினாள். காலையும் மாலையும். அதைவிட அவளுக்கு வேறு வேலை இல்லை.

முகாமால் விட்டார்கள். விடத்தல்தீவில் வீடு இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் நின்றது. ஏறிப் போக வீடில்லை. என் மகள் கடைசிச் சண்டைக்கு முன்னமே ஓலைத்தொடுவாயில் கலியாணம் கட்டிப் போனவள். அவளோடு இருந்துவிட்டோம். அங்கேயும் செலின் அந்தியில் உப்பு வறுப்பாள். துணியில் பொட்டலம் கட்டி என் தொடையில் ஒத்தடம் பிடிப்பாள். காயம் ஆறியது. துண்டு உள்ளே நித்திரையாகிவிட்டது. ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னேன். "இனி உப்பு வேண்டாம் செலின். சுகம்."

அவள் உப்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டாம் நாள் உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கி நடந்தாள். கரைவலை இழுத்தவர்கள் கண்டு, பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மகளை அங்கே விட்டது இந்தக் காலுக்காக. கால் சுகமென்றால், இனி அவள் எதற்கு இருக்க? அன்று அந்தி நான் கதிரையில் இருந்து குழறினேன். "ஐயோ, கால்! செத்தன்!" ஈரத் தலையோடு ஓடிவந்து சட்டியை அடுப்பில் வைத்தாள்.

அதன்பிறகு என் கால் நொந்துகொண்டே இருந்தது. மழைக்குக் கூடும். வெயிலுக்குக் குறையும். பெருநாளுக்குக் கொஞ்சம் லீவு. என்னை நாட்டுக்கூத்தில் சேர்த்திருந்தால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரே பயந்திருப்பார். கால் நோவை நிறுத்தினால் இவள் திரும்பக் கடலுக்குப் போய்விடுவாள். அந்தப் பயம் எனக்கு நடிப்பில்லை. என் மனுசனை நினைத்தாலும் நான் பகிடிதான் விடுவேன். அவளுக்கு உப்பு, எனக்கு வாய்.

இழப்புகளைப் பதியக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். என்ன இழந்தீர்கள், யாரை இழந்தீர்கள். நான் எண்ணிச் சொல்வேன். யெனிற்றாவின் பெயர் வரப்போகும் இடத்தில் செலின் எழும்பிப் போவாள். நானும் அதோடு நிறுத்திவிடுவேன். மரித்தவர்களின் திருநாளுக்கும் அந்தப் பெயருக்குப் பூசை கொடுக்க விடமாட்டாள்.

இந்தத் தவக்காலம். ஓர் அந்தி. உப்புப் பொட்டலத்தோடு வருகிறாள். சேலையை ஒதுக்கி வைத்து அமத்துகிறாள்.

"இதில நோகுதோ மச்சாள்?"

"ஐயோ! மெல்லடி! உயிர் போகுது!"

"இன்னும் மேலயோ?"

"ஓமடி, அங்கதான். துண்டு அங்கதான் நிக்குது."

கை நின்றது.

"மச்சாள், இது வலது கால்."

குனிந்து பார்த்தேன். வலதுதான். தழும்பு மற்றக் காலில் பேசாமல் இருந்தது.

"துண்டு நடந்து வந்திருக்கும்," என்றேன்.

சிரித்தாள். யெனிற்றாவுக்குப் பிறகு முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொட்டலம் அவிழ்ந்து உப்பு நிலமெல்லாம் கொட்டியது. நானும் சிரித்தேன். பிறகு அவளுடைய சத்தம் மாறியது. அது சிரிப்பில்லை.

"பிள்ளையைப் போர்த்தாமல் வந்தனான் மச்சாள். அவ்வளவு சேலை கிடந்தது. ஒண்டை உருவிப் போர்த்தியிருக்கலாம்."

பகிடி ஒன்றும் வரவில்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இருட்டும்வரை அழுதாள்.

"கால் நோகேல்லை எண்டு எப்ப தொடக்கம் தெரியும், கள்ளி?" என்று கேட்டேன்.

"கனகாலம். உப்பு வறுக்காட்டி எனக்கு அந்தி போகாது. அதுதான் பேசாம இருந்தனான்."

அடுத்த நாள் கோயிலுக்குப் போய்ப் பூசைக்கு யெனிற்றாவின் பெயர் கொடுத்தாள். வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"எண்ணுங்கோ மச்சாள். நான் எழும்ப மாட்டன்."

எண்ணுகிறேன்.

ஒரு வீடு. ஒரு வள்ளம். நண்டு வலை அத்தனையும். உடுத்தது போக மிச்சச் சேலையெல்லாம்.

ஒரு மனுசன். இருக்கிறார் என்றும் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரு பிள்ளை. யெனிற்றா. அடுப்படியில், வெள்ளிக்கிழமை காலை. புதைக்கவில்லை. போர்த்தவில்லை.

செலின் எழும்பவில்லை.